பிராம்பிள் கே எலியும் ஜாவா திருக்கையும்: இரண்டு அழிவையும் ஒரே தராசில் வைக்கலாமா?

பூன்லே_வாசகி

இரண்டு உயிரினங்களைப் பற்றி இங்கே கேட்க வேண்டும். ஒன்று சின்ன எலி, இன்னொன்று திருக்கை. இரண்டுமே இப்போது உலகில் இல்லை. எலி போன செய்தியைப் பேப்பரிலோ ஃபேஸ்புக்கிலோ நம்மில் பலர் பார்த்திருப்போம். திருக்கை போனது எத்தனை பேருக்குத் தெரியும்? அது நமக்கு எவ்வளவு பக்கத்து ஊர்க்காரன் என்பதை யோசித்தால் எனக்கு ஆறவே இல்லை.

முதலில் எலி. ஆஸ்திரேலியாவின் வடகோடியில், டோரஸ் நீரிணையில், பப்புவா நியூ கினி கரைக்குக் கிட்டத்தில் பிராம்பிள் கே என்று ஒரு பவளத் திட்டு இருக்கிறது. நாலைந்து ஹெக்டேர்தான், ஆக மேடான இடமே கடல்மட்டத்திலிருந்து மூன்று மீட்டர். அந்த ஒரே திட்டில் மட்டும் வாழ்ந்தது பிராம்பிள் கே மெலோமிஸ் என்ற எலி. 1845ல் பிரிட்டிஷ் கப்பல்காரர்கள் அங்கே இறங்கியபோது ஏராளமாக ஓடித் திரிந்ததால் வில்லும் அம்பும் வைத்து வேட்டையாடியிருக்கிறார்கள். 1978ல்கூடச் சில நூறு இருந்ததாகக் கணக்கு. 2002லும் 2004லும் பொறி வைத்தால் பத்து, பன்னிரண்டு என்றுதான் விழுந்தன. 2009ல் ஒரு மீனவர் பார்த்ததே கடைசி. 2014ல் ஆய்வாளர்கள் போய்ப் பொறியும் கேமராவும் வைத்துத் தீவையே சல்லடை போட்டுத் தேடினார்கள், ஒன்றும் இல்லை. 2016ல் அறிக்கை வந்தது, 2019 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசே அழிந்த இனம் என்று பட்டியலில் மாற்றிவிட்டது. மனிதன் உண்டாக்கிய பருவநிலை மாற்றத்தால் அழிந்த முதல் பாலூட்டி என்று உலகம் முழுக்கச் செய்தி.

இப்போது திருக்கை. 1862 ஜூலையில் எடுவார்ட் ஃபொன் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் ஜகார்த்தா மீன் சந்தையில், அப்போது அதன் பெயர் பத்தாவியா, ஒரு பெண் திருக்கையை வாங்கினார். 33 சென்டிமீட்டர் நீளம், முட்டை வடிவ உடம்பு, பழுப்பு நிறம், மேலெல்லாம் கரும்புள்ளியும் வெண்புள்ளியும், வால் சாட்டையைப்போல் நீளாமல் இலை மாதிரித் துடுப்போடு முடிகிறது. 1864ல் புது இனம் என்று எழுதி வைத்தார். அந்த மீன் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு அப்புறம் அந்த இனத்தில் இன்னொன்றை யாரும் பதிவு செய்யவே இல்லை. 2023 டிசம்பரில், அழியும் உயிரினங்களின் பட்டியலைப் பராமரிக்கும் சர்வதேச அமைப்பான ஐயுசிஎன், அழிந்த இனம் என்று அறிவித்தது. மனிதர்களின் செயலால் அழிந்ததாக உறுதி செய்யப்பட்ட முதல் கடல் மீன் இதுதான் என்றார்கள்.

ஜகார்த்தா இங்கே சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. நாம் ஹாக்கர் சென்டரில் வாழை இலை விரித்துச் சம்பால் திருக்கை சாப்பிடுகிறோம். அது அழிந்த செய்தி வந்த வாரம் என் அலுவலகத்தில் ஒருவரும் அதைப் பேசவில்லை. என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: இரண்டில் திருக்கையின் அழிவுதான் மனிதர்கள்மேல் கனமாக விழ வேண்டியது. எலியையாவது ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். திருக்கையை எண்ண ஒருவரும் இல்லை. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

அரவிந்த்_உட்லண்ட்ஸ்

அக்கா, நல்ல இழை. ஆனால் ஒப்பீடே சரியா என்று கேட்கிறேன். எலியைப் பொறுத்தவரை இருந்தது, குறைந்தது, போனது என்று ஒவ்வொரு படிக்கும் ஆதாரம் இருக்கிறது. திருக்கைக்கு இருப்பது ஒரே ஒரு மீன். ஒரு மீனை வைத்து ஓர் இனம் இருந்தது என்றும், பிறகு பார்க்காததை வைத்து அது அழிந்தது என்றும் சொல்வது கொஞ்சம் அவசரம்தானே?

தாஸ்மேனியாவில் ஸ்மூத் ஹேண்ட்ஃபிஷ் என்ற மீனுக்கு இதேதான் நடந்தது. அதுவும் 1802 வாக்கில் பிடித்த ஒரே மாதிரிதான். 2020ல் அழிந்தது என்று அறிவித்தார்கள், அடுத்த ஆண்டே போதிய தகவல் இல்லை என்று மாற்றிக்கொண்டார்கள். நம் ஊரிலேயே நெப்டியூன் கப் கடற்பஞ்சு நூறு வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை, எங்குமே இல்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள், 2011ல் செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் கடலடியில் நின்றுகொண்டிருந்தது. கடல் பெரிசு. ஜாவா கடலில் எந்த மூலையிலாவது இன்னும் அந்தத் திருக்கை இருக்கலாம்.

பூன்லே_வாசகி

தம்பி, கடற்பஞ்சை யாரும் சமைத்துச் சாப்பிடுவதில்லை. ஹேண்ட்ஃபிஷையும் சந்தையில் யாரும் விற்பதில்லை. அதனால் அவை கண்ணில் படாமல் இருந்ததற்கு, யாரும் சரியாகத் தேடவில்லை என்பதே போதுமான காரணம். திருக்கை அப்படி இல்லை. வலையில் விழுந்தால் கரைக்கு வந்தே தீரும், ஏனென்றால் எந்தத் திருக்கைக்கும் விலை உண்டு. ஜாவாவின் வடகரை கோடிக்கணக்கானவர்கள் வாழ்கிற இடம். ஆழம் குறைந்த கடல், அதில் நாள் தவறாமல் வலை விழுகிறது. 2001க்குப் பிறகு இந்தோனேசிய மீன் இறங்கு தளங்களில் சுறாவையும் திருக்கையையும் இனம் இனமாகப் பிரித்துப் பதிவு செய்கிற வேலை வருஷக்கணக்கில் நடந்திருக்கிறது. அதில் எங்குமே இது இல்லை. வேண்டாத மீனைக் காணோம் என்பதும், பிடித்தால் கட்டாயம் விற்கிற மீனைக் காணோம் என்பதும் ஒன்றாகுமா?

இனம் தனிதானா என்ற கேள்விக்கு: அது சேர்ந்த யூரோலோபஸ் வகை பெரும்பாலும் ஆஸ்திரேலியப் பக்கத்தில் வாழ்வது. ஜாவாவில் அப்படி ஒன்று கிடைத்ததே விசேஷம். பெர்லினில் உடம்பு இருக்கிறது, மறுபடி அளந்து பார்த்திருக்கிறார்கள்.

தேக்கா_மீன்கடை_மாரி

எனக்கு இந்த அறிவியல் பெயரெல்லாம் தெரியாது. நான் தேக்கா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவன். கையில் பட்டதைச் சொல்கிறேன்.

திருக்கையில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது சுலபம். திருப்பிப் போட்டால் வால் ஆரம்பிக்கிற இடத்தில் ஆணுக்கு இரண்டு பக்கமும் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு இல்லை. பெண் திருக்கையை வயிற்றில் கீறினால் சில நேரம் உள்ளே குட்டி இருக்கும். முட்டை இல்லை, முழுக் குட்டி, தோள் இரண்டையும், இறக்கைபோல விரிகிற துடுப்பைத்தான் சொல்கிறேன், உடம்பைச் சுற்றிப் போர்த்துச் சுருட்டிக்கொண்டு, வால் முதற்கொண்டு தாய் மாதிரியே இருக்கும். ஒன்று அல்லது இரண்டு, பெரிய மீனானால் இன்னும் கொஞ்சம். மற்ற பெரும்பாலான மீன்களின் வயிற்றைக் கீறினால் சினை ஆயிரக்கணக்கில் கொட்டும். இதில் கை விட்டு எண்ணிவிடலாம். பல நேரம் கடைக்கு வரும்போது குட்டி உள்ளே இருக்காது, படகிலேயே தாய் பயத்தில் தள்ளிவிடும் என்று இந்தோனேசியப் படகுக்காரர்கள் சொல்வார்கள்.

வாசகி அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து இந்தக் குட்டிகள்தான் கண்முன் நிற்கின்றன. இவ்வளவு கொஞ்சமாகப் பெறுகிற மீன் எப்படித் தாக்குப்பிடிக்கும்?

ஜேசி_மாணவி_கவின்மொழி

மாரி அண்ணா சொன்ன படகு விஷயம் உண்மை, அதை ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். வலையில் மாட்டிய அதிர்ச்சியில் திருக்கை குட்டியைத் தள்ளிவிடும், பெரும்பாலும் பிழைக்காத பருவத்தில். தாயைக் கடலில் திருப்பி விட்டாலும் அந்த ஈற்று போனது போனதுதான். உள்ளே இருக்கும்போது கருப்பைச் சுவர் பால்போல ஒன்றைச் சுரந்து குட்டிக்கு ஊட்டுகிறது, அதனால்தான் ஒன்றிரண்டு பெற்றாலும் நன்றாக வளர்ந்த குட்டியாகப் பெறுகிறது. பெரிய இரைகொல்லிகள் மட்டும் இருந்த காலத்தில் இது நல்ல வழி. இழுவை வலைக்கு முன்னால் இது எடுபடாது.

ஒப்பீட்டில் நான் கேட்க விரும்புவது இதுதான். எலி வேகமாகப் பெருகும், திருக்கை மெதுவாகப் பெருகும், அதனால் திருக்கை அழிந்தது என்று முடித்தால் எலி ஏன் அழிந்தது? மெலோமிஸ் வகை, வீட்டு எலிபோல ஒரே ஈற்றில் ஏழெட்டுப் போடுவதில்லை, பொதுவாக இரண்டு மூன்றுதான். ஆனாலும் திருக்கையோடு பார்த்தால் வேகம்தான். அப்படியிருந்தும் போய்விட்டது.

தூத்துக்குடி_செல்வம்

தங்கச்சி கேட்ட கேள்விக்கு என் ஊர்ப் பக்கத்திலிருந்து பதில் சொல்லலாம். நான் துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன், பிறந்தது தூத்துக்குடி. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று சின்ன வயதில் படித்தோம். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போய், தீவு கரைந்தது. வான் தீவைக் காப்பாற்ற இப்போது கடலடியில் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கியிருக்கிறார்கள்.

இப்படித் தீவு கரைகிறதை நேரில் பார்த்தவர்களுக்கு எலிக் கதை உடனே புரியும். முதலில் தீவு மூழ்குவதில்லை. முதலில் போவது செடி. பெரிய அலை ஏறி உப்புத் தண்ணீர் நின்றால் வேர் கருகும், அடுத்த மழைக்குப் பாதிதான் முளைக்கும், அது முளைத்து முடிவதற்குள் அடுத்த அலை. பிராம்பிள் கேயில் 2004ல் இரண்டு ஹெக்டேருக்கு மேல் பச்சை இருந்தது, 2014ல் 0.065 ஹெக்டேர். அதாவது ஒரு கூடைப்பந்து மைதானத்தைப்போல ஒன்றரை மடங்குதான். அந்தப் பச்சைதான் அந்த எலிக்குச் சோறு, அதுதான் ஒளியும் இடம். அது எத்தனை குட்டி போட்டால்தான் என்ன, குட்டி எங்கே நிற்கும்? நீந்தி வேறு கரைக்குப் போகிற தூரமும் இல்லை.

ஜேசி_மாணவி_கவின்மொழி

நன்றி அண்ணா. அப்படியென்றால் எலிக்கு இடம் போனது, திருக்கைக்கு ஆள் போனது. இடம் போனால் வேகமாகப் பெருகுவது உதவாது. எலிக்குப் பருவநிலை, திருக்கைக்கு வலையும் கரையோர மாசும். டோரஸ் நீரிணையில் 1993லிருந்து 2014 வரை கடல்மட்டம் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஏறியிருக்கிறது. இதை இங்கே இருந்துகொண்டு படிக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை, சிங்கப்பூர் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஐந்து மீட்டருக்கும் கீழேதான். நமக்குத் தடுப்புச் சுவருக்குப் பணம் இருக்கிறது, நூறு பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலுமோ ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியிலேயே சொன்னார்கள்.

செங்காங்_ராஜி

நான் வேறு பக்கம் நிற்கிறேன், கோபிக்க வேண்டாம். எலிக்காக அழுவது எனக்கு வரவில்லை. எங்கள் புளோக் கீழே குப்பைத் தொட்டிப் பக்கம் எலி ஓடினால் டவுன் கவுன்சிலுக்குப் போன் போடுகிறேன், மருந்து வைக்கிறார்கள், நிம்மதியாக இருக்கிறது. உலகத்தில் எலிக்கு என்ன குறைச்சல்? திருக்கை விஷயம் புரிகிறது, அது உணவு, மீனவர் பிழைப்பு. இரண்டையும் ஒன்றாக வைத்து நம்மை வருத்தப்படச் சொல்வது நியாயமா?

பூன்லே_வாசகி

ராஜி, கோபமெல்லாம் இல்லை, இதைக் கேட்க வேண்டும் என்றுதான் இழையே தொடங்கினேன்.

உங்கள் புளோக்கில் ஓடுகிறது பெரும்பாலும் பழுப்பு எலி வகை, மனிதர்களோடு கப்பல் ஏறி உலகம் முழுக்கப் போனது. அது நம்மால் பெருகியது. மெலோமிஸ் அதற்கு நேர் எதிர். மனிதன் குடியிருக்காத திட்டில், ஆமை முட்டையிட வருகிற, கடற்பறவை கூடு கட்டுகிற மணலில், அந்தப் புல்லையும் பருப்புக்கீரை மாதிரித் தரையோடு படரும் செடியையும் தின்று தலைமுறை தலைமுறையாக இருந்தது. யார் அரிசியையும் தொட்டதில்லை. எலி என்ற ஒரே காரணத்துக்காக அதன் கணக்கைத் தள்ளிவிட்டால், சிங்கப்பூர்க் காட்டில் இருந்த வெளிர்நிறப் பெரிய அணிலுக்கும் அதே கதிதான். அதுவும் கொறிக்கும் பிராணிதான், 1821ல் ராஃபிள்ஸ் இந்தத் தீவிலிருந்தே விவரித்து எழுதியது. 1990களுக்குப் பிறகு இங்கே அதைக் காணோம். மலேசியாவில் இருக்கிறது, சரி, ஆனால் இங்கே இல்லை.

இன்னொன்று, எலியின் கதையில் என்னைப் பிடித்து உலுக்குவது 2008ல் எழுதிய மீட்புத் திட்டம். காகிதத்தில் எல்லாம் இருந்தது. கடல்மட்டம் உயர்வதாலும் புயலாலும் இந்தத் திட்டக் காலத்துக்குள் பெரிய பாதிப்பு வர வாய்ப்பில்லை என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். அடுத்த வருஷமே கடைசி எலியை அந்த மீனவர் பார்க்கிறார். 2014ல் போனவர்கள் கிடைத்தால் பிடித்துக்கொண்டு வந்து வளர்க்கலாம் என்ற எண்ணத்தோடு போனவர்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு கூண்டில் பத்து ஜோடி போதும், எலிதானே, வளர்ப்பது கஷ்டமில்லை. திருக்கையை அப்படிக் காப்பாற்ற முடியாது, எலியை முடிந்திருக்கும்.

அரவிந்த்_உட்லண்ட்ஸ்

அக்கா, இப்போது நீங்கள் எழுதியதே உங்கள் முதல் கருத்துக்கு எதிராக நிற்கிறது. தெரிந்தும், எண்ணியும், திட்டம் எழுதியும் விட்டதுதானே பெரிய குற்றம்? 1870களில் ஜாவா கரையில் வலை போட்டவருக்கு இப்படி ஓர் இனம் இருக்கிறது என்பதே தெரியாது. தெரியாமல் செய்ததற்கும் தெரிந்து கைவிட்டதற்கும் வித்தியாசம் உண்டு. என்னைக் கேட்டால் எலிதான் கனமான வழக்கு. அதற்குப் பெயர், முகவரி, பட்ஜெட் எல்லாம் இருந்தது.

பூன்லே_வாசகி

குற்றம் என்று பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, அதை மறுக்கவில்லை. நான் கனம் என்றது குற்றத்தை அல்ல, இனி நடக்கப்போவதை. எலி போனதைப் பார்த்து ஆஸ்திரேலியாவில் விசாரணை, நாடாளுமன்றக் கேள்வி, அடுத்த இனத்துக்காவது சீக்கிரம் போக வேண்டும் என்ற பேச்சு, எல்லாம் நடந்தது. அழிவுக்குப் பெயர் இருந்ததால் நடந்தது. திருக்கையைக் கடைசியாகப் பார்த்து நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் போனது தெரிகிறது. அப்படியானால் இதே கடலில் இப்போது போய்க்கொண்டிருப்பது எது? சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் என்று 2021ல் கணக்கெடுத்தார்கள், மிகை மீன்பிடிப்பே முதல் காரணம். நமக்கு மீன் வருவது இந்தக் கடல்களிலிருந்தும்தான். அதில் எது எது என்று யார் பார்க்கிறார்கள்?

தேக்கா_மீன்கடை_மாரி

உண்மையைச் சொன்னால் நாங்கள் பார்ப்பதில்லை. மொத்த விற்பனையில் வாங்கும்போது திருக்கை என்றால் திருக்கைதான். பெரிசா சின்னதா, சதை வெள்ளையா, மூத்திர வாடை அடிக்கிறதா, அவ்வளவுதான் பேச்சு. வாடை அடித்தால் பழைய மீன், புளித் தண்ணீரில் ஊற வைத்தாலும் போகாது. முதுகில் வெள்ளைப் புள்ளி உள்ளது வரும், சிறுத்தை மாதிரிப் பூப்போட்டது வரும், வெறும் பழுப்பு வரும். பல நேரம் தோள் மட்டும் வெட்டி வரும், தலையும் வாலும் இருக்காது, அப்போது எது எந்த ஜாதி என்று என் முதலாளிக்கே தெரியாது. உழுவை என்று எங்கள் ஊரில் சொல்வார்களே, முன்பக்கம் கூர்மையாகவும் பின்பக்கம் சுறா மாதிரியும் இருப்பது, அது முன்பு அடிக்கடி வந்ததாகப் பழைய ஆட்கள் சொல்கிறார்கள்.

ஜேசி_மாணவி_கவின்மொழி

உழுவை வகைகள் 2019லேயே, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் ஏறிவிட்டன, அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. ஆனால் சம்பாலுக்குப் போகிற சாதாரணத் திருக்கைகள் பலவற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. வேடிக்கை என்று சொல்ல மனம் வரவில்லை, அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தென் அமெரிக்காவின் மோட்டோரோ திருக்கை குட்டி போட்டுப் பெருகுகிறது. வளர்க்க வாங்கியவர்கள் கொண்டுபோய் விட்டதாகத்தான் நினைக்கிறார்கள். நம் கடல் திருக்கைக்குக் கிடைக்காத அமைதியான தண்ணீர் அதற்குக் கிடைத்திருக்கிறது.

மாரி அண்ணா, வெட்டுவதற்கு முன் முதுகும் அடிப்பக்கமும் வாலும் தெரியப் படம் எடுத்தால் இனம் கண்டுபிடித்துவிடலாம். எந்தக் கடலில் பிடித்தது என்று கேட்டு எழுதி வைத்தால் இன்னும் நல்லது. உயிரினப் படங்களைப் போட்டு இனம் கேட்கிற ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போடலாம், லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காரர்களிடமும் காட்டலாம்.

செங்காங்_ராஜி

சரி, அணில் விஷயம் எனக்குத் தெரியாது, அது உறைத்தது. ஒரு நடைமுறைக் கேள்வி. மாமியாருக்குத் திருக்கைக் குழம்பு இல்லாமல் வாரம் ஓடாது. நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டைதான். எதைப் பார்த்து வாங்கலாம்?

தூத்துக்குடி_செல்வம்

என் அம்மா சினையாக இருக்கும் திருக்கையை வாங்க மாட்டார். வயிறு உப்பி இருந்தால் வேறு கேட்பார். அதனால் கடலில் மீன் கூடிவிடுமா என்றால் இல்லை, செத்தது செத்ததுதான். ஆனால் வாங்க ஆள் இல்லை என்றால் பெரிய பெண் மீனுக்கு விலை இறங்கும், விலை இறங்கினால் படகில் உயிரோடு இருக்கும்போதே திருப்பி விடச் சொல்ல ஒரு வழி இருக்கும். எங்கள் பக்கம் படகு வைத்திருக்கிறவர்களிடம் இதைப் பேசிப் பார்த்திருக்கிறேன், டீசல் காசு யார் தருவது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

வாரா வாரம் என்பதை மாதத்துக்கு ஒரு தரம் ஆக்குங்கள், மற்ற வாரம் கானாங்கெளுத்தி, நெத்திலி. இவை ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிற மீன்கள். மாமியாரிடம் விலையைக் காரணம் சொல்லலாம், திருக்கை இப்போது மலிவும் இல்லை.

தேக்கா_மீன்கடை_மாரி

ராஜி அக்கா, சின்னதாக, கையகலத்தில் இருப்பதையும் வாங்காதீர்கள், அது இன்னும் ஒரு ஈற்றுக்கூடப் பார்க்காதது. குழம்புக்கும் சதை காணாது, குருத்தெலும்புதான் வாயில் படும்.

படம் எடுக்க முதலாளியிடம் கேட்டுவிட்டேன், கூட்டம் இல்லாத நேரத்தில் எடுத்துக்கொள் என்றார். கவின்மொழி, நீ வருவதானால் திங்கட்கிழமை வராதே, மீன் கடை பாதி மூடியிருக்கும். சனிக்கிழமை விடியற்காலை வா, பெட்டி பிரிக்கும்போதே காட்டுகிறேன். ஸ்கேல் ஒன்று கொண்டு வா, எங்களிடம் தராசு மட்டும்தான் இருக்கிறது.